நாற்பத்திரண்டாம் தூண்

வேலையிடத்தில் எல்லாரும் அவளைக் கோனக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பாலத்தின் மேல் ஆரஞ்சு நிறக் கோன்களை எங்கே வைப்பது, எத்தனை அடிக்கு ஒன்று வைப்பது, எந்த நேரத்தில் எடுப்பது என்பதெல்லாம் அவள் பொறுப்பு. கோனக்கா என்று வேகமாகச் சொன்னால் கோணக்கா என்று காதில் விழும். அதற்காக அவள் யாரிடமும் சண்டைக்குப் போனதில்லை. ஆனால் ஒரு கோன் அரை அடி தள்ளி இருந்தால் அன்றைக்கு அதை வைத்த ஆள் செத்தான்.

நகரத்தின் நடுவே போகும் விரைவுச்சாலைப் பாலத்தை ஏழு மாதமாகப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு மாடி உயரம், பதினொரு கிலோமீட்டர் நீளம், கட்டி முப்பத்தைந்து வருடம் ஆன பாலம். ஒரு பக்கத்தை முழுதாக மூடிவிட்டு மேல்தளத்தைக் கொத்தி எடுத்துப் புதுசாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மறுபக்கத்தில் மிச்சம் இருந்தது இரண்டே தடம். காலையில் ஊருக்குள் வருகிறவர்களுக்கு மட்டும் பாலம், பகல் ஒரு மணிக்குமேல் ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கு மட்டும். மற்றவர்களெல்லாம் கீழ்ச்சாலையில் ஊர்ந்துகொண்டே போக வேண்டும். இந்த ஏற்பாட்டைக் காலையிலும் பகலிலும் திருப்பிப் போடுவதுதான் கோனக்காவின் பிழைப்பு. ஜன்னலை இறக்கித் திட்டிவிட்டுப் போகிறவர்கள் தினமும் நூறு பேராவது இருப்பார்கள். முதல் மாதம் அழுதாள். இரண்டாம் மாதம் பதிலுக்குத் திட்டினாள். மூன்றாம் மாதத்திலிருந்து, "சரிங்க, பாத்துப் போங்க" என்று கையை ஆட்டப் பழகிவிட்டாள்.

வீட்டிலும் அவளுக்கு விமோசனம் கிடையாது. மாமியார் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு இரண்டு வருடம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள், காலை எட்டு மணிக்கு, பாலத்தைத் தாண்டி இருக்கிற ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். பள்ளிக்கூடத்தில் ஆய்வகப் பொறுப்பாளராக இருக்கும் கணவர்தான் காரில் கூட்டிப்போவார். உடம்பு தேய்ந்தாலும் மாமியாருக்கு வாய் தேயவில்லை.

"ஊர்ல எல்லாருக்கும் வாசல்ல கோலம் போடற மருமக வருவா. எனக்கு வந்தவ ரோட்டுல கோன் போடறா," என்பார். "நல்லவேளை, ஹாலுக்கும் சமையக்கட்டுக்கும் நடுவுல இன்னும் ஒண்ணு வைக்கல."

"வைக்கணும் அத்தை. நீங்க உப்பு டப்பா பக்கம் போறதைத் தடுக்கணும்ல," என்பாள் இவள். இருவரும் சிரித்துக்கொள்வார்கள்.

அன்று திங்கட்கிழமை. வெள்ளிக்குப் பிறகு இரண்டு நாள் இடைவெளி விழுவதால், திங்கள் காலையில் மாமியாருக்குக் கால் வீங்கிப் போயிருக்கும், நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்கும். அந்த வாரம் கொஞ்சம் அதிகமாகவே வாங்கியது. விடியலில் வேலைக்குக் கிளம்பும்போது கோனக்கா எட்டிப் பார்த்தாள். மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடி மாமியார் கண்ணை மூடியிருந்தார். "லேட் பண்ணாதீங்க, ஏழே காலுக்குள்ள பாலம் ஏறிடுங்க," என்று கணவரிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

நாற்பத்திரண்டாம் தூணுக்கு மேல் அவளுக்கு ஒரு தகரக் கூண்டு இருந்தது. பாலத்தின் இரண்டு துண்டுகள் சந்திக்கிற இடம் அது. நடுவில் குறுக்காக ஓர் இரும்பு இணைப்பு. ஒவ்வொரு வண்டி தாண்டும்போதும் முன்சக்கரத்துக்கு ஒரு 'டக்', பின்சக்கரத்துக்கு ஒரு 'டக்'. ஏழு மாதமாக நாளெல்லாம் கேட்டுக் கேட்டு அந்தச் சத்தம் அவள் காதுக்குப் பழகிப் போயிருந்தது. கண்ணை மூடிக்கொண்டே பஸ்ஸா காரா என்று சொல்லிவிடுவாள்.

ஏழு பத்துக்கு ஒரு பஸ் போனது. 'டக்' வரவில்லை. 'டொம்' என்றது. மாடி வீட்டில் யாரோ அரிசி மூட்டையைத் தொப்பென்று போட்டது மாதிரி, அடியிலிருந்து வந்த சத்தம்.

அவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். அடுத்து ஒரு கார். டக், டக். இன்னொரு கார். டக், டக். அப்புறம் ஒரு லாரி.

டொம்.

வண்டி வராத நேரம் பார்த்துத் தடுப்போரமாகப் போய்க் குனிந்தாள். இணைப்பின் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நாற்பத்தொன்றிலிருந்து வரும் துண்டு தாழ்ந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அந்தப் படியோரமாகப் படுக்கவைத்துப் பார்த்தாள். பேனா முழுசாக மறைந்தது. சனிக்கிழமை சாயங்காலம் இதே இடத்தைக் கையால் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். அப்போது ஒன்றும் இல்லை.

பாலம் இன்ஜினியருக்குப் போன் அடித்தாள். அவர் ஆறு கிலோமீட்டர் தள்ளி, பாலத்தின் மறுகோடியில் இருந்த அலுவலகத்தில், மேலதிகாரிகளோடு கூட்டத்தில் இருந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"சொல்லுங்க மேடம்."

"சார், நாப்பத்திரண்டுல ஜாயின்ட் இறங்கியிருக்கு."

"எவ்வளவு?"

"ஒரு பேனா படுத்துக்கற அளவு."

"அது எக்ஸ்பான்ஷன்தான் மேடம். வெயில்ல விரியும், குளிர்ல சுருங்கும்."

"விரிஞ்சா தள்ளித்தானே சார் போகும்? இது கீழ போயிருக்கு. அதுவும் இன்னும் வெயிலே வரல."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "பத்து நிமிஷம் குடுங்க. நான் நேர்ல வந்து பாக்கறேன். அதுவரைக்கும் ஒண்ணும் பண்ணிடாதீங்க. பீக் அவர், பாலத்தை மூடினா ஊரே நின்னுடும்."

அது அவளுக்குத் தெரியாததல்ல. ஒரு தடத்தை மூட அவளுக்கு அதிகாரம் உண்டு. பாலத்தையே மூட வேண்டுமென்றால் இன்ஜினியர் சொல்ல வேண்டும், அதை வைத்துக் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் போக்குவரத்து இன்ஸ்பெக்டர் உத்தரவு போட வேண்டும். இந்த விதியை எழுதின கூட்டத்தில் அவளும் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஏறினால் நாலு கிலோமீட்டருக்கு இறங்க வழியில்லாத பாலத்தில், நினைத்தவர் நினைத்தபோதெல்லாம் மறித்தால் என்ன ஆகும் என்று அன்று அவளே தலையாட்டியிருக்கிறாள்.

சரி, பத்து நிமிடம். குத்துக்காலிட்டு உட்கார்ந்து இணைப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பி ஏற்றின லாரி ஒன்று வந்தது. அது ஏறியபோது தாழ்ந்த பக்கம் இன்னும் தாழ்ந்தது. தாண்டியதும் மேலே வந்தது. ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. பேனாவைத் திரும்ப வைத்தாள். இப்போது அதன் மேல் விரலையும் வைக்கலாம் போலிருந்தது.

வாக்கி டாக்கியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

நாற்பத்தொன்றாம் தூணுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகையோடு நின்றவர் மைக்செட். மூன்று தெருவுக்குக் கேட்கிற தொண்டை அவருக்கு. அதனால் அந்தப் பட்டம்.

"அண்ணே, சிவப்பு காட்டுங்க. ரெண்டு தடத்துக்கும். நாப்பத்தொண்ணைத் தாண்டி ஒரு வண்டி வரக்கூடாது."

"ஆர்டர் வந்துடுச்சா கோனக்கா?"

"வரல. காட்டுங்க."

மைக்செட் வேறு கேள்வி கேட்கவில்லை. சிவப்புக் கொடியை உயர்த்திக்கொண்டு தடத்தின் நடுவில் இறங்கினார். அவர் பலகையைக் குறுக்கே இழுத்துப் போடுவதற்குள் முன்னால் வந்துகொண்டிருந்தவை அவரைத் தாண்டிவிட்டன. ஒரு பால் டேங்கர். அதன் வாலைப் பிடித்த மாதிரி கார்கள். கோனக்கா தன் கொடியைத் தலைக்குமேல் வீசிக்கொண்டு டேங்கருக்கு எதிரே ஓடினாள். டேங்கர்க்காரர் அவளைப் பார்த்து அலறிப்புடைத்து பிரேக் போட்டார். புகை கிளம்ப, டேங்கர் அந்தத் துண்டின் நட்டநடுவில் நின்றது. பின்னால் வந்த கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கீச்சிட்டு நின்றன.

டொம் என்ற சத்தம் அவள் உள்ளங்காலில் ஏறியது.

டேங்கருக்கு வழிவிட்டிருந்தால் இந்நேரம் தாண்டிப் போயிருக்கும். அல்லது தாண்டாமலே போயிருக்கும். எது என்று அவளுக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது ஒன்றுதான். ஒரு டேங்கரும் ஒன்பது கார்களும் அந்தத் துண்டின் மேல் நின்றுகொண்டிருந்தன. நிறுத்தினவள் அவள்.

"ஏம்மா, சாகணும்னா வேற இடம் கிடைக்கலியா?" டேங்கர்க்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணே, இறங்காதீங்க. முன்னாடி ஓர் அடி கூட எடுக்காதீங்க. ரோடு இறங்குது."

அவர் முகத்தில் இருந்த கோபம் ஒரு நொடியில் வடிந்துபோனது. "எங்க?"

"எனக்குப் பின்னாடி. முன்னாடி போகப் போக பாரம் கெட்ட தூண்மேல ஏறும். பின்னாடி போனா நல்ல தூண். கார் எல்லாம் போனப்புறம் நீங்க ரிவர்ஸ் எடுக்கணும். முடியுமா?"

"ஃபுல் டேங்க்கும்மா," என்றார் அவர். "பாதியா இருந்தா பால் உள்ள அலையடிச்சு வண்டியை ஆட்டும். ஃபுல்லா இருக்கறதால ஆடாது. அந்த மட்டுக்கும் பொழைச்சோம்."

அப்போதுதான் போன் அடித்தது. கணவர்.

"ஏய், என்ன மறிச்சிட்டியா? நாங்க இங்கதான் நிக்கறோம். டேங்கருக்குப் பின்னாடி."

அவள் டேங்கரைச் சுற்றி எட்டிப் பார்த்தாள். வலது தடத்தில் முதல் ஆளாக அவர்களுடைய பழைய நீலக் கார். முன் கண்ணாடிக்குப் பின்னால் கணவர். பின்சீட்டில் ஜன்னலோரமாகச் சாய்ந்திருந்த நரைத்த தலை.

"அம்மாக்கு மூச்சு ரொம்ப வாங்குது. எனக்கு முன்னாடி யாருமே இல்ல, டேங்கர் பக்கத்துல வழி காலியாத்தான் கிடக்கு. ஒரு கிலோமீட்டர் போனா இறக்கம். நான் அப்படியே போயிடறேன், நீ அப்புறம் மூடிக்கோ."

"வேணாம். ரிவர்ஸ் எடுக்கணும்."

"என்ன பேசற? பின்னாடி மூணு கிலோமீட்டருக்கு வண்டி நிக்குது. ரிவர்ஸ் எடுத்து எப்ப ஆஸ்பத்திரி போறது? சின்ன வண்டி, என்ன பெரிய கனம் இருந்துடப்போகுது?"

"நீங்க போனா உங்க பின்னாடி எல்லாரும் வருவாங்க. ரோடு இறங்கிட்டிருக்குங்க. கேளுங்க."

"எங்கம்மாடீ!"

போனில் சலசலப்பு. பிறகு மாமியார் குரல், மூச்சுக்கு மூச்சு இடைவெளி விட்டு.

"லைன்ல... நான்தான். நிஜமாவே இறங்குதா?"

"ஆமா அத்தை."

"அப்ப அவன் பேச்சை விடு. நாங்க... எத்தனாவது?"

"பின்னாடி இருக்கறவங்க எல்லாம் எடுத்தப்புறம். கடைசி ரெண்டுல ஒண்ணு."

"சரி. வை."

அவள் போனைப் பையில் போட்டுக்கொண்டு, "மைக்செட் அண்ணே, பின்னாலேருந்து ஒவ்வொண்ணா எடுங்க!" என்று கத்தினாள். நாற்பத்தொன்றாம் தூணுக்குப் பின்னால் நின்றவர்கள் ஏற்கனவே நெருக்கியடித்து நின்றுவிட்டார்கள். முதலில் அவர்களை நகர்த்தி இடம் பண்ண வேண்டும். மைக்செட்டின் குரல் பாலம் முழுக்க முழங்கியது. "பச்சை வண்டி, பின்னாடி வாங்க! வாங்க, வாங்க, வாங்க, நில்லுங்க! அம்மா, கண்ணாடியைப் பாக்காதீங்க, என் கையைப் பாருங்க! ஹாரன் அடிக்கற புண்ணியவானே, அதை விட்டுட்டு கியரைப் போடுங்க!"

முதல் கார் துண்டைவிட்டு வெளியேற மூன்று நிமிடம் பிடித்தது. இரண்டாவது அதைவிட வேகம். நாலாவது காரில் காதில் எதையோ மாட்டிக்கொண்டிருந்த ஆளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மைக்செட் ஓடிவந்து கூரையில் தட்டினார். ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது. கோனக்கா இணைப்புக்கு ஓரடி முன்னால், கையை அகல விரித்து நின்றுகொண்டிருந்தாள். யாரும் முன்னால் போகக்கூடாது என்பது மட்டும்தான் அவள் மண்டைக்குள் இருந்தது.

டேங்கருக்கு நேர் பின்னால் நின்ற வெள்ளைக் காருக்குப் பொறுமை போய்விட்டது. சடாரென்று வளைந்து, நீலக் காரின் மூக்கை உரசுகிற மாதிரி முன்னால் வந்து, டேங்கரின் பக்கவாட்டில் இருந்த காலி வழியில் புகுந்தது. நேராக அவளை நோக்கி வந்தது. அவள் நகரவில்லை. பம்பர் முழங்காலில் இடித்து நின்றது. அவள் இரண்டு கையையும் பானெட்டின் மேல் ஊன்றினாள்.

"தள்ளு! எனக்கு ஃபிளைட் இருக்கு!" என்று கத்தினார் அந்த ஆள்.

"சார், கீழ இறங்கி வந்து இதை ஒரு தடவை பாத்துட்டு அப்புறம் போங்க."

அவர் இறங்கவில்லை. இறங்க வேண்டிய அவசியமும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து, ஒரு வண்டியும் தாண்டாமலேயே, அடியில் ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. சாலை அவர்களோடு சேர்ந்து ஒரு விரற்கடை இறங்கியது. காரின் முன்கண்ணாடியில் தொங்கிய பொம்மை ஆடியது. கீழ்ச்சாலையிலிருந்து கூச்சல் எழுந்தது. வெள்ளைக் கார்க்காரரின் வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு, அவள் சொல்லாமலேயே, பின்பக்கக் கியரைப் போட்டார்.

கீழ்ச்சாலை! இத்தனை நேரம் அவள் அதை நினைக்கவே இல்லை. ஊரைவிட்டுப் போகிற அத்தனை பேரும் இந்தத் துண்டுக்கு அடியில்தான் ஊர்ந்துகொண்டிருந்தார்கள். கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டாள்.

"சார், நாப்பத்தொண்ணுக்கும் நாப்பத்திரண்டுக்கும் நடுவுல கீழ ரோட்டையும் மறிங்க. உடனே."

"மேடம், நீங்க யார் உத்தரவுல மேல மூடினீங்க?" இன்ஸ்பெக்டரின் குரல் கொதித்தது. "இப்ப கீழயும் மறிக்கணுமா? நீங்க என்ன நினைச்சிட்டு... ஒரு நிமிஷம்." இன்னொரு வாக்கி டாக்கியின் கரகரப்பு குறுக்கே கேட்டது. யாரோ ஒரு காவலர் மூச்சிரைக்க என்னவோ சொன்னார். திரும்பி வந்தபோது இன்ஸ்பெக்டரின் குரல் மாறியிருந்தது. "தூணுக்குப் பக்கத்துல நடைபாதையில செங்கல் அளவுக்கு காங்கிரீட் விழுந்திருக்காம். நல்லவேளை, யாரும் இல்ல. கீழ மறிச்சாச்சு. மேல எத்தனை வண்டி?"

"ரெண்டு காரும் ஒரு டேங்கரும்."

"நீங்க நகருங்க மேடம் அங்கேருந்து."

"எடுத்துட்டு வரேன் சார்."

வெள்ளைக் கார் இப்போது நீலக் காருக்கு முன்னால் நின்றதால் முதலில் நீலக் கார் பின்னால் போக வேண்டியிருந்தது. கணவர் அவளைப் பார்க்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு பின்னால் திரும்பி ஓட்டினார். பின்சீட்டு ஜன்னல் இறங்கியிருந்தது. மாமியார் கையை வெளியே நீட்டி, வெள்ளைக் காரைப் பார்த்து, வா வா என்று சைகை காட்டிக்கொண்டே போனார். அந்த ஆளும் அந்தக் கையைப் பார்த்தபடியே பின்னால் வந்தார்.

கடைசியாக டேங்கர். காரெல்லாம் ஒழிந்த பிறகு அந்தத் துண்டின் மேல் அதுவும் அவளும் மட்டும். "உங்க வலது கண்ணாடியில நான் தெரியறேனா?" என்று கேட்டாள். "தெரியறே. ஆனா நீ போம்மா, நான் பாத்துக்கறேன்," என்றார் டேங்கர்க்காரர். அவள் போகவில்லை. டேங்கரை ஒட்டிப் பின்னோக்கி நடந்தாள். ஒரு சக்கரச் சுற்று, நிறுத்தம். ஒரு சக்கரச் சுற்று, நிறுத்தம். நாற்பத்தொன்றின் இணைப்பில் பின்சக்கரம் ஏறி இறங்கியது. முன்சக்கரமும் தாண்டியதும் மைக்செட் கொடியைக் கீழே போட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். மணி ஏழு ஐம்பத்திரண்டு.

இன்ஜினியர் மோட்டார் சைக்கிளில் மூடிய பக்கமாக வந்து சேர்ந்தார். பத்து நிமிடம் என்று சொன்னவர் அரை மணி நேரத்துக்குமேல் ஆக்கியிருந்தார். தடுப்பைத் தாண்டி எட்டிப் பார்த்தார். தாழ்ந்திருந்த விளிம்பைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போய்விட்டது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அப்புறம் யோசிக்கலாம்," என்றாள் அவள். "ஆயிரம் வண்டி நிக்குது. முப்பத்தொம்பதுல நடுத் தடுப்பைத் திறந்து, கார்களை வேலை நடக்கற பக்கமாத் திருப்பி அனுப்பறேன்."

"அங்க முப்பத்தேழுல மூணு நாள் முன்னாடி போட்ட காங்கிரீட் இன்னும் காயல."

"வேற வழி இருந்தா சொல்லுங்க."

"திறங்க. நான் இரும்புத் தகடு போடறேன்."

நடுத் தடுப்புகள் தண்ணீர் நிரப்பிய பெரிய பிளாஸ்டிக் பெட்டிகள். ஆறு பெட்டிகளின் அடைப்பைப் பிடுங்கினார்கள். தண்ணீர் வடிய வடிய ஓட்டுநர்கள் பத்து பேர் இறங்கி வந்து தள்ளினார்கள். திட்டிக்கொண்டேதான் தள்ளினார்கள், ஆனால் தள்ளினார்கள். முப்பத்தேழில் இன்ஜினியரே சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு தகட்டின் ஒரு முனையைப் பிடித்தார். கார்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி, வந்த வழியே நுழைவாயிலுக்குப் போயின. பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி நடந்தார்கள். லாரிகள் பின்னோக்கியே ஊர்ந்தன. பாலம் காலியானபோது மணி பதினொன்றரை.

நீலக் கார் ஏழாவதாகத் திரும்பியது. ஆனால் கீழே இறங்கினால் ஊரே நின்றுபோயிருந்தது. பத்து ஐம்பதுக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மாமியாருக்கு ஒதுக்கியிருந்த மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். ஆக்ஸிஜன் வைத்துக் காத்திருந்து, பன்னிரண்டரைக்கு ஆரம்பித்தார்கள்.

கோனக்கா பொறுப்பை மாற்றிக் கொடுத்துவிட்டு இரண்டு மணிக்கு அங்கே போனாள். சட்டையெல்லாம் புழுதி, முழங்காலில் வீக்கம். கணவர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும் எழுந்து எதிர்ச்சுவரோரமாகப் போய் நின்றார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"நுரையீரல்ல தண்ணி சேர்ந்திருக்காம். ராத்திரி இங்கதான் வெச்சிருக்கணுமாம்." தரையைப் பார்த்தே பேசினார். "அரை நிமிஷம். நீ நகர்ந்திருந்தா அரை நிமிஷத்துல அந்தப் பக்கம் போயிருப்போம். எட்டு மணிக்கு இங்க இருந்திருப்போம்."

அவர் சொன்னது பொய்யில்லை. ஒரு கார், தனியாகப் போயிருந்தால், அனேகமாகத் தாண்டியிருக்கும். பாலத்தில் நின்றபோதே அது அவளுக்குத் தெரியும்.

மாமியார் மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தார். கணவர் அவளோடு பேசவில்லை. தட்டு வைத்தால் சாப்பிட்டார், கேட்டால் தலையாட்டினார். மூன்றாம் நாள் சாயங்காலம், இருமலுக்கு நடுவே, மாமியார் அவளைக் கட்டிலோரமாக உட்காரச் சொன்னார்.

"அவன் பேசலேன்னா விடு. அவங்கப்பாவும் இப்படித்தான். பயந்துட்டாலும் கோபம்னுதான் காட்டுவாரு."

"உங்களுக்குக் கோபமில்லையா அத்தை?"

"இருந்துச்சு. மூச்சு முட்டறப்ப யார் மேலதான் கோபம் வராது?" அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆனா நீ எங்களை விட்டிருந்தா அந்த வெள்ளைக் கார்க்காரன் எங்க வாலைப் பிடிச்சிட்டு வந்திருப்பான். அவனைப் பாத்து டேங்கரும் நகர்ந்திருக்கும். அப்படிப் பொழைச்சு மெஷின்ல போய்ப் படுத்தா எனக்குத் தூக்கம் வருமா சொல்லு. போ, எனக்கு உப்பில்லாத கஞ்சியாவது எடுத்துட்டு வா."

அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. உத்தரவு பெறாமல் பாலத்தை மூடியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். அவள் ஒரு பக்கத்தில் நேரத்தையும் பார்த்ததையும் மட்டும் எழுதினாள். இன்ஜினியர் யாரும் கேட்காமலேயே இன்னொரு பக்கம் எழுதி அதோடு இணைத்தார். தூணின் தலையில், பாலத்தைத் தாங்கும் ரப்பர் மெத்தைக்கு அடியில் காங்கிரீட் வெடித்துச் சரிந்திருந்தது என்றும், தான் அவளைப் பத்து நிமிடம் காத்திருக்கச் சொன்னதாகவும், அவள் காத்திருக்கவில்லை என்றும், காத்திருந்தால் இந்தக் கடிதத்தைத் தான் வேறு மாதிரி எழுத நேர்ந்திருக்கும் என்றும் அதில் இருந்தது. அதற்குப் பிறகு அலுவலகத்திலிருந்து பதில் வரவில்லை. தண்டனையும் இல்லை, பாராட்டும் இல்லை. கீழ்ச்சாலைக்குப் புது மாற்றுப்பாதை வரைபடம் போடச் சொன்னார்கள். போட்டுக் கொடுத்தாள்.

நாலாம் நாள் சாயங்காலம் கணவர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். அவள் அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே வந்து கதவோரம் சாய்ந்து நின்றார்.

"அந்தத் தூணைப் பாத்துட்டு வந்தேன்," என்றார். நாலு நாளில் அவராகப் பேசிய முதல் பேச்சு. "கயிறு கட்டி வெச்சிருக்காங்க. பக்கத்துல விடல. தள்ளி நின்னு பாத்தேன். அடியில பெரிய ஜாக்கி எல்லாம் வெச்சு முட்டுக் குடுத்திருக்காங்க. மேல ஒரு கையகலம்தான் ஒட்டிட்டு நிக்குது. மிச்சமெல்லாம் பேந்து கிடக்கு."

"ம்."

"அன்னிக்கு நீ எங்க நின்னே?"

"ஜாயின்ட்டுக்கு முன்னாடி."

"முன்னாடின்னா? அந்தப் பக்கமா, இறங்கின பக்கமா?"

கத்தி பலகையில் நின்றது. "இறங்கின பக்கம். அங்க நின்னாத்தானே யாரையும் போகவிடாம மறிக்க முடியும்?"

"எவ்வளவு நேரம்?"

"டேங்கர் போறவரைக்கும்."

"நான் காருக்குள்ள உக்காந்து உன்னைத் திட்டிட்டிருந்தேன்," என்றார் அவர். "அம்மா மட்டும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சாங்க. நீ எதுமேல நிக்கறேன்னு பாக்கவே இல்ல."

அவர் உள்ளே வந்து அடுப்பை அணைத்தார். அவள் கையிலிருந்த கத்தியை வாங்கிப் பலகைமேல் வைத்தார்.

"உக்காரு."

"பீன்ஸ் பாதியில நிக்குது."

"நான் நறுக்கறேன். நீ உக்காரு முதல்ல."

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் முழங்கால் வலிப்பது அவளுக்கே தெரிந்தது. அவர் அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, வீங்கியிருந்த முழங்காலின் மேல் கையை வைத்துக்கொண்டார். உள்ளறையிலிருந்து மாமியார், "என்னடா சத்தத்தையே காணோம், ரெண்டு பேரும் இருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இருக்கோம்மா," என்றார் அவர்.